கலைக்குத் தலைமை, ஊருக்கு வாழ்வு
(மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர்)

ஆடித் திங்கள் பதினேழு, பதினெட்டாம் நாள்களில் கொல்லிமலைக்கு வந்ததுண்டா நீங்கள்? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் எறும்புச் சாரை போல ஊர்ந்து வரும். செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அறப்பளீசுவரர் கோயிலில் கூட்டம். ஆகாய கங்கை அருவிக்குச் செல்லும் படிகளில் இறங்கவும் இடமிராது, ஏறவும் இடமிராது. எங்கள் ஊராகிய வாசலூர்பட்டியில் படகு இல்லத்தின் முன்னே வரிசை நிற்கும். விழா மேடையில் ஆட்டமும் பாட்டமும் நடைபெறும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் வந்து பாருங்கள். பந்தல் பிரிக்கப்பட்டிருக்கும். காகிதத் தட்டுகள் காற்றில் பறந்து கொண்டிருக்கும். முதல் நாள் மேடையில் ஆடியவர் மறுநாள் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக் கொண்டிருப்பார். அடுத்த ஆடி வரும் வரையில் அவரை யாரும் தேடி வருவதில்லை. ஆண்டில் இரண்டு நாள் கலைஞர். எஞ்சிய 363 நாளும் கூலியாள். இந்த 363 நாளுக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடை தேடப் போய், அதற்கென்றே ஒரு தொழில் உலகில் இருப்பதை அறிந்தேன். அதனை நண்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரி செய்ததும் நாம் செய்ய வேண்டியதும்

கலைஞன் வேறு, கலையைப் புரப்பவன் வேறு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி புரவலன். வேட்டைக்கு வந்த இடத்தில் தன்முன் பாடிய பாணர் கூட்டத்திற்கு அவன் ஊனும் தேனும் பொன்னும் வழங்கியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். அவரே மற்றொரு பாடலில், ஓரியின் கொடையால் பசி முற்றும் நீங்கிய பாணர்கள் ஆடவும் மாட்டாராய்ப் பாடவும் மறந்தனர் என்று நயம்படக் கூறுகின்றார். அன்று வயிறு நிறைந்ததால் பாட்டு மறந்தது. இன்று வயிறு நிறையாததால் மறந்து கொண்டிருக்கிறது. இதுவே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு.

இன்று வள்ளல்கள் இல்லை. அவர்கள் இடத்தில் அரசும், அறக்கட்டளைகளும், பார்வையாளர்களும், வாணிகர்களும் இருக்கின்றனர். பணம் ஓரிடத்தில் இருக்கிறது. கலை வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் முறையாக இணைப்பதற்கு ஒருவர் வேண்டும். எந்தக் கலை எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்வது, கலைஞரிடம் பேசி நாள் குறிப்பது, ஊதியம் பேசி வாங்கித் தருவது, விண்ணப்பம் எழுதி நல்கை பெறுவது, கணக்கு வைப்பது, இளையோர்க்குப் பயிற்சி ஏற்பாடு செய்வது, பார்ப்பவரை அழைத்து வருவது ஆகிய அனைத்தும் அவருடைய வேலை. இப்பணியைக் கலை நிருவாகம் என்கிறார்கள். நிருவாகத்தோடு நில்லாமல், ‘இக்கலை இவ்வூரில் எதற்காக இருக்க வேண்டும்?’ என்று சிந்தித்து வழிகாட்டுபவரின் பணியே கலைத்தலைமை.

இதற்கு முன்னோடிகள் நம் நாட்டிலேயே உண்டு. 1936இல் கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி நடனமாடியதோடு அமையாமல், பள்ளியும் நெசவுக் கூடமும் அமைத்தார். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியம் பயின்று வெளியேறும் இளைஞர் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார். அவர்களை ஒன்று சேர்த்து, ‘பாட்டிக்’ துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கச் செய்து, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பணிக்கரின் ஓவியங்கள் பெரிதும் போற்றப்படுபவை. எனினும் பல ஓவியர்கள் தொடர்ந்து வரைவதற்கு ஓர் ஊரையே அமைத்துக் கொடுத்தாரே, அது ஓவியத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

கலையால் ஊர் எழுமா?

நலிந்த ஒரு வட்டாரத்தைக் கலை, பண்பாடு ஆகியவற்றின் துணைகொண்டு மீண்டும் எழச் செய்யும் முயற்சி சென்ற நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவியது. கப்பல் கட்டும் தொழில் நலிந்த கிளாஸ்கோ நகரம், 1990இல் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாகத் தேர்வு பெற்றுத் தன் பெயரை மாற்றிக் கொண்டது. இரும்புத் தொழில் வீழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் 1997இல் குகன்ஹைம் கலைக்கூடம் திறக்கப்பட்டது. உலகமே அதனைக் காண வந்தது.

இதைக் கேட்டதும், ‘நம் ஊரிலும் பெரிய கட்டடம் ஒன்று கட்டிவிட்டால் போதும்’ என்று எண்ணத் தோன்றும். அது தவறு. பில்பாவோவில் கலைக்கூடம் மட்டும் தனியே வரவில்லை. மாசடைந்த ஆற்றைத் தூய்மை செய்தார்கள்; 1995இல் சுரங்க இரயில் விட்டார்கள்; துறைமுகத்தை இடம் மாற்றினார்கள். கலைக்கூடம் அந்தப் பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. முகம் மட்டும் பார்த்தவர்கள் உடலை மறந்துவிட்டார்கள்.

மலைவாழ் நமக்குப் பொருத்தமான சான்று ஜப்பானில் இருக்கிறது. நீகாட்டா பகுதியில் எச்சிகோ-சுமாரி என்பது ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. படிப்படியான நெல்வயல்கள், மழைக்காலம் போலவே தவறாமல் வரும் கடும் பனிக்காலம். இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் மட்டும் எஞ்சினர். வீடுகள் பூட்டப்பட்டன, பிள்ளைகள் இன்றிப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்பகுதியைச் சேர்ந்தவரான பிராம் கிட்டகவா என்னும் கலைத்தலைவர், 2000ஆம் ஆண்டில் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் கலைவிழாவைத் தொடங்கினார்.

அவர் புதிய மாளிகை எழுப்பவில்லை. வயலிலும், பூட்டிய வீட்டிலும், மூடிய பள்ளியிலும் கலைஞர்களைக் கொண்டு படைப்புகளை அமைத்தார். தொடக்கத்தில் ஊரார் இதனை ஏற்கவில்லை. ‘எங்கள் வயலில் இவர்களுக்கு என்ன வேலை?’ என்றனர். ஒரு வயலில் பழைய உழவர்களின் உருவங்களைச் சிற்பமாக நிறுத்த விரும்பினர், சோவியத் நாட்டில் பிறந்த கபகோவ் இணையர். வயலின் உரிமையாளரோ உழவையே விட்டுவிட எண்ணியிருந்தார், முதலில் மறுத்தார். அந்தப் படைப்பு தம் முன்னோரின் உழைப்பைப் பற்றியது என்பதை உணர்ந்தபின் இசைந்தார்; மேலும் சில ஆண்டுகள் உழுதார். கலை செய்த வேலை இதுதான். வருவோர்க்குக் காட்சியாக அமைவதற்கு முன், உள்ளூரானுக்குத் தன் நிலத்தின் அருமையை அது காட்டியது.

பக்கத்து மலையில் ஒரு பாடம்

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டா. தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழுமிடம். 1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா இணையர் அங்கே குடிசை ஒன்றில் மருத்துவமனை தொடங்கினர்.

லம்பாடிப் பெண்களின் கண்ணாடி பதித்த பூத்தையல் ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. கடையில் வாங்கும் புடவை வந்ததும் அது மறைந்தது. பழைய தையல் அறிந்தவர்களாக மூதாட்டியர் ஓரிருவரே எஞ்சியிருந்தனர். 2006இல் லலிதா அவர்களின் ஊக்கத்தால் அந்த முதியோர் இளம் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். ‘போர்கை’ என்று அந்த அமைப்புக்குப் பெயர். லம்பாடி மொழியில் அதற்குப் ‘பெருமிதம்’ என்று பொருள். இன்று அப்பெண்கள் தைத்த துணிகள் நகரங்களில் விலை போகின்றன. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக் கொண்டே வேலை செய்யவும், தம் வருவாயைத் தாமே எண்ணவும் அவர்களால் முடிகிறது.

இச்சான்றுகளிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலை தனியே ஊரை எழுப்பாது. மருத்துவம், சாலை, நிலம், தண்ணீர் ஆகியவற்றோடு சேர்ந்தே எழுப்பும். இரண்டாவது, உள்ளூரார் விரும்பி உரிமையோடு ஏற்காத கலை ஊன்றி நிற்காது. மூன்றாவது, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் ஒருவர் வேண்டும். விழாவுக்கு வந்து செல்பவரால் இது முடியாது.

எங்கள் மலையில் உள்ளவை

கொல்லிமலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்குச் சொல்வேன். தேவாரப் பண்களுள் கொல்லி என்ற பெயரிலேயே ஒரு பண் உண்டு. சங்கப் புலவர் வியந்த கொல்லிப்பாவை உண்டு. அறப்பளீசுவரர் மீது அம்பலவாணக் கவிராயர் இயற்றிய சதகம் உண்டு. காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து, மலைக்கொருவராய்க் குடியேறிய எங்கள் குலக்கதை உண்டு. மலையாளிகள் ஆடும் சேர்வையாட்டம் உண்டு. சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு என்று புன்செய்த் தானியங்களும், அவற்றைச் சேமிக்கும் தொம்பைகளும், அவற்றை விதைக்கவும் அறுக்கவும் குத்தவும் உரிய பாட்டுகளும் உண்டு.

‘உண்டு’ என்று எழுதும்போதே என் கை தயங்குகிறது. பலவற்றுக்கு ‘இருந்தது’ என்றே எழுத வேண்டும். சேலம் வட்டாரத்தில் சவ்வரிசி ஆலைகள் பெருகியபின் மலையில் மரவள்ளி பரவியது. கையில் காசு தரும் பயிர் அது, பயிரிட்டவர்மேல் குற்றமில்லை. ஆனால் சாமைக் காடு சுருங்கியபோது சாமையைச் சுற்றியிருந்த சடங்கும் பாட்டும் உடன் சுருங்கின.

என் அம்மாயி சாமை குத்தும்போது பாடுவார். உலக்கை விழும் இடைவெளியில் பாட்டின் அடி முடியும். பள்ளி விடுமுறையில் அருகில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்; ஒரு முறையும் எழுதி வைக்கவில்லை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போதுதான் அந்த அறிவு வந்தது. குறிப்பேட்டோடு போய், ‘அம்மாயி, உரல் எடுத்துப் போட்டுப் பழையபடி ஒரு தடவை குத்திக்கிட்டே பாடு’ என்றேன். அவர் சிரித்தார். ‘மாவு மில்லு வந்ததும் உரலக் கவுத்துப் போட்டேன் சாமி. பாட்டுப் போச்சுன்னு நீ வருத்தப்படுறே. கை வலி போச்சுன்னு நான் சந்தோசப்படுறேன்’ என்றார். பிறகு உட்கார்ந்தபடியே பாடிப் பார்த்தார். உலக்கை இல்லாமல் அடிகள் நினைவுக்கு வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். என் குறிப்பேட்டில் அந்தப் பாதி இருக்கிறது.

இந்நிகழ்ச்சி எனக்குப் பெரும் பாடம் கற்பித்தது. பழைமையைக் காப்பது என்ற பெயரில் பெண்களை மீண்டும் உரலடியில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து எங்கள் மலையில் சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டவர்கள். விதை வங்கிகளை ஏற்படுத்தியதோடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டு வந்தார்கள். குத்தும் வேலை குறைந்தாலன்றிப் பெண்கள் சாமையைத் திரும்ப விரும்பமாட்டார்கள் என்பதை உணர்ந்து செய்த செயல் இது. பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து தானியத்தைப் பக்குவம் செய்து விற்கவும் வழி பிறந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, எங்கள் மலையின் தானியங்களுக்கும் நகரத்தில் மதிப்பு உயர்ந்தது.

பாட்டுக்கும் இதே வழிதான். உலக்கையை விட்டுப் பாட்டைப் பிரித்தெடுத்து, பள்ளியிலோ, மன்றத்திலோ, விழாவிலோ அதற்குப் புதிய இடம் தர வேண்டும். அந்த இடத்தைத் தேடித் தருபவரே கலைத்தலைவர்.

பத்து நிமிடமும் ஒரு துண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்டக் குழு ஒன்றைச் சமவெளி நகர் ஒன்றின் விழாவுக்கு அழைத்தார்கள். அழைத்தவர் யார் என்பது இங்கு வேண்டா. மூட்டை தூக்க நானும் உடன் சென்றேன். ஒரு மணி நேரம் ஆடலாம் என்றவர்கள், தலைவர்களின் உரை நீண்டதால் பத்து நிமிடம் தந்தார்கள். ஆளுக்கொரு துண்டும் உணவுப் பொட்டலமும் கிடைத்தன. வழிச்செலவைப் பற்றிக் கேட்க எங்களில் யாருக்கும் நா எழவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது. பேருந்து நிலையத்தில் படுத்திருந்தோம். மத்தளம் வாசிக்கும் பெரியவர், ‘இனிமே கூப்பிட்டா நான் வரலப்பா’ என்று மட்டும் சொன்னார். அவர் பிறகு வரவேயில்லை.

அன்று எங்களிடம் குறைந்தது ஆட்டத் திறமை அன்று. முன்கூட்டியே நேரத்தையும் ஊதியத்தையும் எழுத்தில் பெற்று, வண்டிக்கு ஏற்பாடு செய்யும் ஒருவர் இல்லை. அவ்வளவுதான். ஒரு தாள் இருந்திருந்தால் அந்தக் கலைஞர் இன்றும் வாசித்துக் கொண்டிருப்பார்.

இதற்குக் கற்க வேண்டியது என்ன?

இத்துறையில் புக விரும்பும் மாணவர்க்கு வழிகள் உள்ளன. தஞ்சையில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் நாட்டுப்புறவியல் ஆய்வுக்குப் பெயர் பெற்றவை. தமிழ், வரலாறு, வணிகவியல், சமூகப்பணி ஆகிய எந்தப் பட்டமும் இதற்கு அடித்தளமாகும். வணிகவியல் நண்பர்களைச் சிறப்பாகச் சொல்கிறேன்: கலை அமைப்புகள் பெரும்பாலும் கலை இல்லாமல் அழிவதில்லை, கணக்கு இல்லாமல் அழிகின்றன.

அரசில் கலை பண்பாட்டுத் துறை, அதன் மாவட்ட இசைப் பள்ளிகள், அருங்காட்சியகங்கள், சுற்றுலாத் துறை ஆகியன உள்ளன. 1955இல் தோன்றிய இயல் இசை நாடக மன்றமும், தஞ்சையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னகப் பண்பாட்டு மையமும் கலைஞர்க்கு மேடையும் உதவியும் அளிப்பவை. பெங்களூரில் உள்ள இந்தியக் கலை அறக்கட்டளை போன்றவை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகின்றன. அரசு வேலை போல மாதச் சம்பளம் உடனே கிடைக்கும் என்று யாரும் நம்பி வர வேண்டா. தொடக்கத்தில் ஆசிரியப் பணியோ வேறு தொழிலோ செய்து கொண்டே இதனைச் செய்ய நேரிடும்.

ஆயினும் முதல் அடியை இன்றே வைக்கலாம். 2007இல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை அமைத்தது. உறுப்பினராகப் பதிந்தவர்க்கே அதன் உதவிகள் கிட்டும். எங்கள் மலையில் எத்தனையோ முதியவர்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. எங்கே கொடுப்பதென்றும் தெரியாது. மாவட்டந்தோறும் கலை முதுமணி, கலை நன்மணி, கலைச் சுடர்மணி, கலை வளர்மணி, கலை இளமணி என்று விருதுகள் வழங்குகிறார்கள். விண்ணப்பியாதவரை யார் அறிவார்? பக்கத்து வீட்டுக் கலைஞருக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பித் தரும் மாணவன், அன்றே கலை நிருவாகியாகிவிடுகிறான்.

எச்சரிக்கை வேண்டும்

இதில் தீமைகளும் உண்டு. ஊரின் பெயர் பரவினால் நிலத்தின் விலை ஏறும். விற்றவன் தன் ஊரிலேயே விடுதிக் காவலாளியாவான். வருவோரின் விருப்பத்திற்கேற்ப ஆட்டத்தைக் குறுக்கி, உடையை மினுக்கினால், கலை பொம்மையாகும். சாமி கும்பிடும்போது மட்டுமே பாட வேண்டிய பாட்டைப் படகு இல்லத்து வாசலில் பாடச் சொல்வது அறமன்று. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்த பாட்டின் ஒரு படி பாடியவர் வீட்டில் இருக்க வேண்டும். வரும் பணத்தின் கணக்கை ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும். இவை இல்லாத கலைத்தலைமை, தலைமையாகாது, தரகு ஆகும்.

முடிவுரை

வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்கு வருவோர் படகு ஓட்டிவிட்டு, சீக்குப்பாறையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகத் தங்கும்படி, ஞாயிறுதோறும் ஒரு சிறு திண்ணை அரங்கு. அதன் அருகே ஒரு பழைய தொம்பையும், எங்கள் பெண்கள் விற்கும் சாமைச் சோறும். ஆடுபவர்க்கு எழுதிக் குறித்த ஊதியம். என் கனவு இவ்வளவே. மாளிகை வேண்டா, கோடி வேண்டா. பத்துக் கலைஞர்களின் பெயர்ப் பட்டியலும், ஒரு கணக்கேடும், விடாது உடனிருக்கும் இருவரும் போதும்.

பட்டம் பெற்றதும் என்ன செய்யப் போகிறாய் என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். மேற்படிப்புக்குச் செல்வேன், வேலையும் தேடுவேன். ஆனால் இந்த விடுமுறையில் முதல் வேலையாக, பேருந்து நிலையத்தில் படுத்திருந்த அந்த மத்தளக் கலைஞரின் வீட்டிற்குச் செல்லப் போகிறேன். நல வாரிய விண்ணப்பத் தாள் பையில் இருக்கிறது. அவர் வாசிக்க இசைந்தால் கேட்பேன். இசையாவிடில் தாளையாவது நிரப்பித் தருவேன். நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பாட்டுப் பாதியில் நிற்பதற்கு முன்னே அவரைத் தேடிச் செல்லுங்கள்.